மறுநிறுவலுக்குப் பின் திறக்க மறுக்கும் இரண்டாவது ஹார்டு டிஸ்க்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததை ஒட்டி, புதிய இயங்குதளத்தை நிறுவும் முறை குறித்துத் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறுவும் படிகளைத் தெளிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், "இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் உள்ளவை அப்படியே இருக்கும்" என்று ஒரே வரியில் அந்த விஷயத்தை முடித்துவிட்டார். அந்த வரி தவறன்று. ஆனால் அப்படியே இருக்கும் கோப்புகள் திறக்காமல் போனால் என்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. கோப்புகள் உண்மையில் பறிபோவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்பதால், விடுபட்டதை எழுத விரும்புகிறேன்.

அண்மையில் என் அக்காவின் கணினியில் நடந்தது இது. வேகத்துக்காகச் சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாகப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11ஐ நிறுவி, முன்பு விண்டோஸ் இருந்த 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக விட்டிருந்தார்கள். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதிலிருந்த பழைய பயனர் கோப்புறைக்குள் இருந்தன. அந்தக் கோப்புறையைத் திறக்கப் போனால், அதை அணுக அனுமதி இல்லை என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. "தம்பி, அதே பேரு, அதே பாஸ்வேர்டுதான போட்டிருக்கேன்? பின்ன ஏன் என்னையே யாருன்னு கேக்குது?" என்றார் அக்கா. நான் போய்ச் சேர்வதற்குள், உதவ வந்திருந்த ஒருவர் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால், அதாவது உள்ளதை நீக்கிப் புதிதாக அமைத்தால், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, அதற்கான பெட்டியையும் திறந்து வைத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு சொடுக்குதான் பாக்கி.

அக்கா கேட்டது மிகச் சரியான கேள்வி. நாம் பெயரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறோம். விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை. ஒரு பயனர் கணக்கு உருவாகும்போதே அதற்குப் பாதுகாப்பு அடையாள எண் ஒன்று கிடைக்கிறது. துறையில் இருப்பவர்கள் அதை 'எஸ்ஐடி' என்பார்கள். விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்க்கில், கோப்பின் உரிமையாளர் யார், அதைப் படிக்கவும் மாற்றவும் யாருக்கு அனுமதி உண்டு என்பவையெல்லாம் இந்த எண்ணைக் கொண்டே எழுதப்படுகின்றன. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் கணினிக்கே புதிய எண் அமைந்துவிடுவதால், அதே பெயரில், அதே கடவுச்சொல்லில் கணக்கு தொடங்கினாலும் விண்டோஸின் பார்வையில் அவர் வேறு ஆள்தான். அக்காவின் கோப்புறை மீது வலச்சொடுக்கி, பண்புகள் பெட்டியில் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து காட்டினேன். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியப்படாத கணக்கு' என்றும், பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001 என்று முடியும் நீண்ட எண் வரிசையும் இருந்தன. மூன்று நாள் முன்புவரை அந்த எண்தான் அவர்.

இதை நேர்செய்வது கடினமன்று. கோப்புறையைத் திறக்கும்போது வரும் பெட்டியில் 'தொடர்க' என்பதை அழுத்தினாலே பல கணினிகளில் நிர்வாகிக் கணக்குக்கு அனுமதி கிடைத்துவிடும். அது பலிக்காவிட்டால், பாதுகாப்புப் பகுதியில் 'மேம்பட்டவை' என்பதற்குள் சென்று, உரிமையாளர் என்னும் இடத்தில் தற்போதைய கணக்கைக் கொடுத்து, உள்ளே இருக்கும் கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் அதே மாற்றத்தைச் செய்யச் சொல்லும் கட்டத்தில் குறியிட வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் குறியைத்தான். அதை விட்டுவிட்டால் வெளிக்கோப்புறை திறக்கும், உள்ளே இருப்பவை மீண்டும் மறுக்கும். உரிமை கைக்கு வந்தபின், முழு அனுமதியையும் அதே கணக்குக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். உரிமையாளராக இருப்பதும் படிக்க அனுமதி பெற்றிருப்பதும் வெவ்வேறு. அக்காவின் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்ததால் 20 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடி முடியும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்த மாற்றத்தை நமக்கு வேண்டிய கோப்புறைக்கு மட்டும் செய்தால் போதும். டிஸ்க் முழுவதற்கும் செய்ய வேண்டியதில்லை. இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் கோப்புறைகளில் ஒருபோதும் செய்யக் கூடாது. அவசரத்தில் 'எவ்ரிஒன்' (எல்லோரும்) என்ற பெயருக்கு முழு அனுமதி கொடுத்துவிடுவதும் தவறு. அப்படிச் செய்தால் அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எவரும் அந்தக் கோப்புகளை மாற்றவோ அழிக்கவோ முடியும். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கடவுச்சொல் எதுவும் தெரியாமலேயே நிர்வாகி ஒருவரால் இப்படி உரிமையை எடுத்துக்கொள்ள முடிகிறது என்றால், குறியாக்கம் செய்யாத, அதாவது திறவுகோல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்காத, பழைய டிஸ்க்கை யாரிடம் கொடுத்தாலும் அவராலும் இது முடியும். பழைய கணினியைக் கைமாற்றிவிடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

சில நேரங்களில் கோப்புறை மறுப்பதற்கு முன்பே, டிஸ்க்கே கண்ணில் படாமல் போய்விடும். டி, இ என்று டிஸ்க்குகளுக்கு நாம் பழகிய எழுத்துகளை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறது. பழைய விண்டோஸோடு அந்தக் குறிப்பும் போய்விடுகிறது. புதியது பெரும்பாலும் தானாகவே வேறு எழுத்து கொடுத்துவிடும். கொடுக்காதபோது டிஸ்க் மேலாண்மைக் கருவியைத் திறந்து, அந்தப் பகுதிக்கு ஓர் எழுத்தை நாமே கொடுத்தால் போதும். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் ஆன்லைனுக்கு மாற்ற வேண்டும்.

அந்தக் கருவிக்குள் நுழையும்போது இரண்டு கேள்விகள் வரக்கூடும். இரண்டுக்குமே 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். முதலாவது, டிஸ்க்கைத் தொடக்கநிலைப்படுத்தவா என்பது. சம்மதித்தால் புதிய பகுப்பு அட்டவணை எழுதப்பட்டு, பழைய பகுதிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற குறிப்பு மறைந்துவிடும். இரண்டாவது, பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்பது. அந்த டிஸ்க்கில் இருப்பதைத் தன்னால் படிக்க முடியவில்லை என்றுதான் விண்டோஸ் இப்படிச் சொல்கிறது. அதில் ஒன்றுமே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் இஎக்ஸ்டி4 முறையில் அமைந்த பகுதியைக் கண்டாலும் இப்படித்தான் கேட்கும். ஏற்கெனவே அழுத்திவிட்டவர்கள் அந்த டிஸ்க்கில் அதற்குமேல் எதையும் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். சுழலும் டிஸ்க்கில், கோப்புகளின் பட்டியலை மட்டும் புதிதாக்கும் விரைவு ஃபார்மட் மட்டுமே நடந்திருந்தால், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் கோப்புகளை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் டிஸ்க் நெடுகச் சுழியங்களை எழுதிவிடுவதால், அதற்குப் பின் மீட்க ஒன்றும் மிஞ்சாது. எஸ்எஸ்டியாக இருந்தால் விரைவு ஃபார்மட்டே பெரும்பாலும் மீட்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

குறியாக்கம் செய்யப்பட்ட டிஸ்க்கின் நிலை வேறு. மேலே சொன்ன உரிமை மாற்றம் எதுவும் அங்கே உதவாது. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்ட இரண்டாவது டிஸ்க்கைத் தானாகத் திறந்துகொள்ளும்படி பலர் அமைத்திருப்பார்கள். நாளடைவில் அதற்குக் கடவுச்சொல் ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருக்கும். அந்தத் தானியங்கித் திறவுகோல் பழைய இயங்குதளத்துக்குள் இருந்தது. மறுநிறுவலில் அது போய்விட்டால், மறந்துபோன கடவுச்சொல் அல்லது 48 இலக்க மீட்புத் திறவுகோல் இருந்தாக வேண்டும். அதனால் முதலில் தேட வேண்டிய இடம் மைக்ரோசாஃப்ட் கணக்கு. பிறகு அச்சிட்டோ சேமித்தோ வைத்த தாள்கள், கோப்புகள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது என்பதால், தாங்கள் எதையும் பூட்டவில்லை என்று நம்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். தனிக் கோப்புகளைப் பூட்டும் இஎஃப்எஸ் முறை இன்னும் கண்டிப்பானது. அதன் திறவுகோல் அடங்கிய சான்றிதழை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்காமல் பழைய விண்டோஸை அழித்துவிட்டால், அந்தக் கோப்புகளை நிர்வாகியாலும் திறக்க முடியாது. இதை எழுதும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. இப்படி வந்தவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் இதே சிக்கல் எளிய வடிவில் வரும். அங்கேயும் உரிமையாளர் ஓர் எண்தான். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைப்பதால், மறுநிறுவலுக்குப் பிறகும் எண் பொருந்தி, பலருக்குச் சிக்கலே தெரியாமல் போகிறது. பொருந்தாவிட்டால் உரிமையாளரை மாற்றும் சோன் (chown) கட்டளை ஒன்று போதும். கணினியை முழுமையாக நிறுத்தாமல் வைக்கும் விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியோடு நிறுத்தப்பட்ட டிஸ்க் லினக்ஸில் படிக்க மட்டுமே திறந்தாலோ, திறக்கவே மறுத்தாலோ, விண்டோஸுக்குத் திரும்பி அந்த வசதியை அணைத்துவிட்டு முறையாக நிறுத்த வேண்டும்.

கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய குறிப்பு ஒன்று இன்னும் உண்டு. நிறுவத் தொடங்கும் முன் இரண்டாவது டிஸ்க்கின் கம்பியைக் கழற்றிவிடுவது நல்லது. இரண்டும் இணைந்திருந்தால், எந்த டிஸ்க்கில் நிறுவுகிறோம் என்பதில் பிசகு நேரலாம். விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளை நாம் நினைக்காத டிஸ்க்கில் வைத்துவிடுவதும் உண்டு. பிறகு ஒருநாள் அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் கணினியே தொடங்காது.

புதிய இயங்குதளத்துக்கு மாறுவோர் இன்னும் பலர் இருப்பதால், கணினிப் பக்கத்தின் அடுத்த இதழில் இவற்றைத் தனிக் கட்டமாகத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால், தொடக்கநிலைப்படுத்தல், ஃபார்மட் ஆகிய இரு கேள்விகளுக்கும் சம்மதிக்க வேண்டாம் என்ற இரண்டு வரியையாவது தடித்த எழுத்தில் போடுங்கள். அக்காவின் படங்கள் இப்போது அந்த டிஸ்க்கில் ஒன்றும், தனி வெளி டிஸ்க்கில் ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக இருக்கின்றன.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியில் உள்ள தங்கள் நெடுநாள் வாசகர்