பிர்க்கபைனருக்குக் கால்பலம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் மார்ச்சில் நோர்வேயில் ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை நடக்கும் பிர்க்கபைனர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் முதன்முறையாக இறங்க எண்ணும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறோம். மரதன் ஓடியவர்கள், "42 கிலோமீற்றர் ஓடியாச்சு, 54 கிலோமீற்றர் சறுக்க ஏலாதா?" என்று நம்பிவிடுகிறார்கள். ஓட்டம் நல்ல அத்திவாரம்தான். ஆனால் பனியில் முதலில் களைத்துப்போவது தோளும் மேற்கையும்.

இரண்டு கோல்களையும் சேர்த்து ஊன்றித் தள்ளும்போது, உடலை முன்னே சாய்த்து வயிற்றுத் தசையால் அமுக்க வேண்டும். கையால் மட்டும் இழுப்பவருக்குப் பாதி வழியிலேயே கை மரத்துவிடும். இது பழக்கத்தால் மட்டுமே வரும். ஆகவே பனி விழும்வரை காத்திராமல் இப்போதே சக்கர ஸ்கீயில் (தெருவில் பழகுவதற்கான, சக்கரம் பூட்டிய சறுக்குப் பலகை) வாரம் இரண்டு நாள் பழகுங்கள். அதில் ஒரு நாள், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் ஒன்றரை மணி நேரம். பெப்ரவரிக்குள் அதை நான்கு மணி நேரமாக நீட்டுங்கள். ரேனாவை விட்டால் முதல் பத்துக் கிலோமீற்றருக்கும் மேல் பெரும்பாலும் ஏற்றம். அதற்காக வாரம் ஒரு தடவை, மேட்டில் கோலூன்றித் தாவி ஓட வேண்டும்: 4 நிமிடம் கடுமையாக, 3 நிமிடம் மெதுவாக, நான்கு சுற்று.

முதுகில் 3.5 கிலோ பையும் ஏற வேண்டும். 1206இல் குழந்தை இளவரசன் ஹோக்கோனைச் சுமந்து மலை கடந்தவர்களின் நினைவு அது. எடையைக் குடிநீரால் நிரப்பாதீர்கள். குடிக்கக் குடிக்கக் குறைந்துவிடும். காற்றுத் தடுக்கும் மேலாடை, உலர்ந்த கையுறை, தொப்பி என்று நிரப்புங்கள். பை முதுகோடு ஒட்டி உயர்வாக இருக்கட்டும். தொங்கினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் இடுப்பில் இடிக்கும். நீண்ட பயிற்சிகளை இந்தப் பையோடுதான் செய்ய வேண்டும்.

ஸ்கீ வாங்கும்போது விலையைப் பார்க்காமல் கடதாசியால் சோதியுங்கள். சமதரையில் இரண்டு ஸ்கீயிலும் சமமாக நின்றால், பாதத்துக்கு நேர்கீழே, ஸ்கீக்கும் தரைக்கும் இடையில் வைத்த கடதாசி தடையின்றி நகர வேண்டும். ஒற்றைக்காலில் முழு எடையையும் வைத்தால் அது அசையக் கூடாது. அப்போதும் நகர்ந்தால் ஸ்கீ உங்களுக்கு மிக விறைப்பானது. பாதத்துக்கு நேர்கீழே ஸ்கீயின் அடியில் பூசும் பிடிமெழுகு பனியைத் தொடாது, ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்குவீர்கள். அந்த மெழுகைத் தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் பாதி வழியில் தேய்ந்துவிடும். மெல்லிய நான்கைந்து படலமாகப் பூசி, ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்து, வெளியே பத்து நிமிடம் குளிரவிட்ட பிறகே பனியில் வையுங்கள். சூட்டோடு வைத்தால் பனி ஒட்டிக் கட்டியாகிவிடும்.

பலர் பழகாமல் விடுவது இறக்கம். வழியிலுள்ள ஷூஷோயன் என்ற ஊரைத் தாண்டினால் லில்லஹாமர் வரை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான். ஒரு ஸ்கீயைத் தடத்திலேயே விட்டு, மற்றதை வெளியே எடுத்து வால்பக்கத்தை விரித்து, உள்விளிம்பை அழுத்தி வேகத்தைக் குறைக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதையும் பயிற்சியின் தொடக்கத்தில் செய்யாமல், தொடை நடுங்கும் கடைசி அரைமணி நேரத்தில் செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
பனிச்சறுக்குப் பயிற்றுநர் சிலர்,
ஒஸ்லோ.