டூயி பிலிப்ஸுக்கு ஓர் இடம் கொடுங்கள்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரத்தைப் பார்த்தவன் இல்லை. வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான். ஒரு பாட்டு நம் காதுக்கு வந்து சேர்வதற்கு முன்னால், அதைக் கையில் எடுத்து, 'இதை இன்றைக்குப் போட்டே ஆகவேண்டும்' என்று தீர்மானித்த ஒரு மனிதர் இருந்திருப்பார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அப்படிப்பட்ட ஒருவருக்காகத்தான் இந்த மடல்.

மெம்ஃபிஸ் வானொலி அறிவிப்பாளர் டூயி பிலிப்ஸ் 1968 செப்டம்பர் 28 அன்று இறந்தார். வயது 42. இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், ராக் இசையை வளர்த்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வானொலிக்காரர்களை நீங்கள் மறந்தவர்கள் இல்லை. 1986இல், முதல் தேர்விலேயே ஆலன் ஃப்ரீடைச் சேர்த்தீர்கள். 1993இல் டிக் கிளார்க், 1996இல் டாம் டோனஹ்யூ. டூயியின் நண்பரும் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளருமான சாம் பிலிப்ஸும் 1986லேயே வந்துவிட்டார். (இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர், உறவு எதுவும் கிடையாது.) அந்த சாம் தன் ஸ்டுடியோவில் பதிவு செய்ததை எடுத்துக்கொண்டு முதலில் யாரிடம் ஓடினார் என்பது உங்களுக்குத் தெரியும்.

டூயி பிறந்தது டென்னசியில் கிரம்ப் என்ற சிற்றூரில். மெம்ஃபிஸில் டபிள்யூ.டி. கிராண்ட் கடையின் இசைத்தட்டுப் பிரிவில் வேலை. தட்டு விற்பதோடு நிற்காமல், கடையின் ஒலிபெருக்கியிலேயே பாட்டுப் போட்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக் கூட்டம் சேர்ப்பாராம். 1949இல் டபிள்யூ.எச்.பி.க்யூ நிலையம் அவருக்கு மைக்கைக் கொடுத்தது. நிகழ்ச்சியின் பெயர் 'ரெட், ஹாட் அண்ட் ப்ளூ'. சிஸ்கா ஹோட்டலின் இடைத்தளத்தில்தான் ஸ்டுடியோ.

அவர் பேச்சு வானொலிப் பேச்சே இல்லை. நாட்டுப்புற டென்னசி இழுவை, மூச்சுவிடாத வேகம். விளம்பரத்தை எழுதிக் கொடுத்தபடி படிக்கமாட்டார். எந்தக் கடையைப் பற்றிச் சொன்னாலும் கடைசியில் 'பிலிப்ஸ் அனுப்பினான்னு சொல்லு' என்று முடிப்பார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு சுழல்மேசைகளில் ஏற்றி, நூலளவு முன்பின்னாக ஓடவிடுவார். பிடித்த பாட்டை ஒரே இரவில் பலமுறை போடுவார். அவர் காதுக்குச் சரியென்று பட்டதுதான் அவருடைய பட்டியல்.

அந்தக் காது எந்த நகரத்தில் வேலை செய்தது என்பதுதான் முக்கியம். பள்ளி, பேருந்து, திரையரங்கு எல்லாம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த ஊர் அது. மிருகக்காட்சி சாலைக்குக்கூடக் கறுப்பின மக்கள் வாரத்தில் ஒரு நாள்தான் போகலாம். அங்கே வெள்ளையர் நடத்திய நிலையத்தில், வெள்ளைக்கார அறிவிப்பாளர் ஒருவர் ஹவ்லின் வுல்ஃப், மடி வாட்டர்ஸ், சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்று கறுப்பினப் பாடகர்களை இரவுதோறும் போட்டார். நடுவில் நாட்டுப்புறப் பாட்டும் வரும், கோஸ்பெல் என்ற தேவாலயப் பாட்டும் வரும். இது இன்னாருக்கான பாட்டு என்று அவர் பிரித்துச் சொன்னதில்லை. பகலில் ஒரே பெஞ்சில் உட்கார முடியாத இரண்டு பிள்ளைகள், இரவில் தத்தம் வீட்டில் படுத்துக்கொண்டு ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

1954 ஜூலை 5 அன்று, யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருந்த சாமின் ஸ்டுடியோவில் 19 வயதுப் பையன் ஒருவன், கறுப்பினப் பாடகர் ஆர்தர் கிரூடப்பின் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றைப் பாடிவைத்தான். தட்டு இன்னும் கடைக்கு வரவில்லை. சில நாட்களிலேயே சாம் கொடுத்த மாதிரித் தட்டை டூயி சுழலவிட்டார். தொலைபேசி அடங்கவில்லை. திரும்பப் போட்டார், மறுபடியும் போட்டார். பையனைக் கூட்டிவரச் சொல்லி வீட்டுக்குத் தகவல் போனது. அவனோ கூச்சத்தில் சினிமாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தான். பெற்றோர் போய்த் தேடிப் பிடித்தார்கள். மைக் திறந்திருப்பதைச் சொல்லாமலே அவனோடு பேசிக்கொண்டிருந்ததாக டூயி பின்னாளில் சொன்னார். பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி: எந்தப் பள்ளியில் படித்தாய்? ஹியூம்ஸ் என்றான் எல்விஸ் பிரெஸ்லி. பாடுவது கறுப்பினப் பையன் என்று நினைத்திருந்த நேயர்களுக்கு, இவன் வெள்ளையன் என்பது அந்தப் பள்ளிப் பெயரிலேயே புரிந்துவிட்டது.

பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிப் பெயரைச் சொன்னால் நிறம் தெரிந்துவிடும் ஊரில், அந்தக் கேள்வியை டூயி தெரிந்தேதான் கேட்டார். அதை நான் புகழ்ச்சியாக மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியில் அந்த ஊரின் கூர்மையும் இருக்கிறது, கொடுமையும் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கறுப்பின இசையைக் கறுப்பினத்தவரே வழங்கிய நிலையம் அதே மெம்ஃபிஸில் இருந்ததே? ஆம். டபிள்யூ.டி.ஐ.ஏ. வரலாற்று ஆசிரியரான நாட் டி. வில்லியம்ஸ் 1948 அக்டோபரிலேயே அங்கே மைக் முன் உட்கார்ந்துவிட்டார். பி.பி. கிங்கும் அங்கே அறிவிப்பாளராக இருந்தவர்தான். வில்லியம்ஸ் பெயரும் உங்கள் பட்டியலில் இல்லை. டூயியைச் சேர்ப்பதால் அந்தக் குறை மறையப் போவதில்லை. என்னைக் கேட்டால் இருவரையும் ஒரே ஆண்டில் சேர்ப்பதே முறை. மெம்ஃபிஸ் வானொலியை ஒரு கையால் எழுதவில்லை.

டூயியின் பிற்காலம் வருத்தமானது. 1958இல் நிலையம் 'டாப் 40' முறைக்கு மாறியது. எந்தப் பாட்டு, எத்தனை முறை என்பதையெல்லாம் ஒரு தாள் முடிவு செய்யும். அந்தத் தாளில் டூயிக்கு இடமில்லை, வெளியேற்றப்பட்டார். அதன்பின் சின்னச் சின்ன நிலையங்கள். விபத்துகள் விட்டுப்போன வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரையோடு குடி. இதய நோயில் முடிந்தது. இறுதிச் சடங்குக்கு எல்விஸ் வந்திருந்தார்.

அவர் ஏன் விடுபட்டார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஃப்ரீட் நியூயார்க்குக்குப் போனார், கிளார்க் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் தெரிந்தார். டூயி ஓர் ஊரின் எல்லைக்குள் நின்றுவிட்டவர். இசைத்தட்டாக விற்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. அவர் செய்தது இரவில் காற்றில் போய்விடும் வேலை. எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளும் கொஞ்சம்தான். ஆனால் டோனஹ்யூவை நீங்கள் சேர்த்தது சான் பிரான்சிஸ்கோவில் அவர் செய்த வேலைக்காகத்தானே? 1967இல் அங்கே பண்பலையில் அறிவிப்பாளரே பாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் அவர். அதையே மெம்ஃபிஸில் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் யாரையும் கேட்காமல் செய்துகொண்டிருந்தார்.

சிஸ்கா ஹோட்டல் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் கேட்பது பெரிய விழா அல்ல. பாடகர் அல்லாதோருக்கென்று நீங்கள் வைத்திருக்கும் அஹ்மெட் எர்டெகன் விருதுக்கு அடுத்த முறை பெயர்களை எடுக்கும்போது டூயி பிலிப்ஸின் பெயரை மேசையில் வையுங்கள். எஞ்சிய ஒலிப்பதிவில் ஒன்றைக் குழுவில் உள்ள எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். அதன்பின் வாக்களியுங்கள்.

அன்புடன்,
ஒரு வானொலி நேயர்