தற்காப்புக் கதை சொல்லிக்கொடுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கோயில் நிருவாக சபையினருக்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினருக்கும், சண்டை நடந்த இரவில் முதலில் கூப்பிடப்படும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வேலிச் சண்டை, வாய்க்கால் சண்டை, மாடு வயலுக்குள் இறங்கிய சண்டை, எதுவாகவும் இருக்கட்டும். ஆள் ஒன்று விழுந்துவிட்டால் பொலிஸுக்கு முன்னம் உங்களில் ஒருவர்தான் அந்த வளவுக்குள் போகிறீர்கள். போவதில் குறை காண நான் வரவில்லை. பெண்களும் பிள்ளைகளும் குழறுகிற வீட்டில் பெரிய மனிதர் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே அந்தப் பெடியனின் காதுக்குள் நீங்கள் சொல்லிவைக்கும் கதைதான், வருசங்கள் கழித்து மேல் நீதிமன்றத்தில் அவனைக் கவிழ்க்கிறது.

“அவன்தான் கத்தியோட வந்தவன் எண்டு சொல்லு மகன். நீ உயிருக்குப் பயந்து தட்டினாய். இழுபறியில அவன்ட கத்தி அவனுக்கே பட்டிட்டு.”

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை இதே கதைதான். எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்காக, தோன்றும் சட்டத்தரணிக்கு இதைக் கேட்டதும் தலையிடி தொடங்கிவிடும். இதற்குள் இரண்டு எதிர்வாதங்கள் கிடந்து அடிபடுகின்றன. இழுபறியில் தவறிப் பட்டது என்றால் அது விபத்து. உயிரைக் காப்பாற்ற நானே குத்தினேன் என்றால்தான் தற்காப்பு. நான் குத்தவேயில்லை என்று சொன்ன வாயாலேயே தற்காப்புக்காகக் குத்தினேன் என்றும் சொன்னால், நீதிபதி எதைத்தான் நம்புவது?

வாய் எதைச் சொன்னாலும் உடம்பு வேறு சாட்சி சொல்லும். சட்ட வைத்திய அதிகாரி காயங்களை ஒவ்வொன்றாக அளந்து நீளம், ஆழம், திசை எல்லாம் எழுதிவைக்கிறார். பின்மண்டையில் ஒரு அடி, முதுகில் இரண்டு வெட்டு என்றால், முன்னால் பாய்ந்து வந்தவன் எப்போது முதுகைக் காட்டினான் என்ற கேள்வி வரும். இறந்தவனின் முன்கையிலும் உள்ளங்கையிலும் வெட்டு இருந்தால், தடுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான் என்று வழக்குத்தொடுநர் தரப்பு வாதாடும். உங்கள் பெடியனையும் வைத்தியர் பரிசோதிப்பார். அதற்கென்று பிளேட்டால் கீறிவிடுகிற கெட்டித்தனமும் நம்மிடம் உண்டு. தன் கை எட்டும் இடத்தில் மட்டும், மேலாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நாலைந்து கீறல். போட்டிருந்த சேட்டில் ஒரு கிழிசலும் இல்லை. சட்ட வைத்தியம் படிக்கிறவர்களுக்கு இது ஆரம்பப் பாடம்.

இடமும் நேரமும் இன்னும் பொல்லாதவை. இரத்தம் படலைக்கு உள்ளே கிடந்ததா, ரோட்டிலா? கத்தி யாருடைய குசினிக் கத்தி? வாய்த்தர்க்கம் முடிந்து வீட்டுக்குப் போய், கத்தியோடு திரும்பி வந்தவன் தற்காப்பு என்று சொன்னால் எடுபடாது. பொலிஸிடம் போக அவகாசம் இருந்தவனுக்கு அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேலான தீங்கு செய்யவும் முடியாது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவு சொல்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். அந்தப் பெடியன்களில் சிலர் உண்மையிலேயே உயிருக்குப் பயந்தவர்கள். முதல் அடி மற்றவன் அடித்திருப்பான். இவன் பொல்லைப் பறித்துத் திருப்பி அடித்திருப்பான். பயத்திலும் கோபத்திலும் இரண்டு அடி கூடிப்போயிருக்கும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. முன்கூட்டித் திட்டமிடாமல், நல்லெண்ணத்தோடு தற்காப்பு எல்லையை மீறியவன் செய்தது 294ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கின்படி கொலை அல்ல, கொலையாகாத குற்றமுறு ஆட்கொலை. கொலைக்கு மரண தண்டனை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை என்றாலும் அந்தத் தீர்ப்பு ஆளைச் சிறைக்குள்ளேயே வைத்திருக்கும். குற்றமுறு ஆட்கொலைக்கு ஆகக்கூடியது 20 வருடச் சிறை. அதற்குக் குறைவாகவும் கிடைக்கலாம். “நான் குத்தவேயில்லை” என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய், இந்தக் கதவைத்தான் முதலில் சாத்துகிறது. கூடுதலாக அடித்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அவனை நம்பியிருப்பார்கள்.

குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது வழக்குத்தொடுநர் வேலைதான். ஆனால் தற்காப்பு என்ற விதிவிலக்கைக் காட்டும் சுமை சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவால் எதிரி மேல் விழுகிறது. சாத்தியக்கூறு இந்தப் பக்கம் சாய்ந்தால் போதும் என்பது 1942இலேயே முடிவான விடயம். சின்னச் சுமைதான். அதையும் காயங்களோடு பொருந்தாத கதையால் தூக்க முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். முரண்பாடு எல்லாம் பொய் அல்ல. இருட்டில், பதற்றத்தில், எத்தனை அடி என்று எவனும் எண்ணுவதில்லை. அதைவிட, தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய வாக்குமூலங்களும் இருக்கின்றன. பிறகு சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, “அவன் அடிக்க வந்ததாகப் பொலிஸில் சொல்லவில்லையே” என்று விடுபாட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். நம் மாகாணத்தில் நீதிமன்ற மொழி தமிழ்; பொலிஸ் நிலையத்தில் அதைக் கேட்டு வாங்கவேண்டும். உங்கள் செல்வாக்கை அங்கே காட்டுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதவையுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.

அடுத்த தடவை கூப்பிட்டால் போங்கள். சட்டத்தரணியை எடுங்கள், வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெடியனுக்குக் காயம் இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். வீக்கம் வடிந்தபிறகு அதற்குச் சாட்சி இல்லை. கத்தியை வாவியில் எறியச் சொல்லாதீர்கள், அது தனிக் குற்றம். தாய்க்காரி அவன் சாரனைத் துவைக்க எடுத்தால் தடுங்கள். அதில் இருப்பது அவனுடைய இரத்தமாகவும் இருக்கலாம், அவன் சொல்லும் தற்காப்புக்கு உள்ள ஒரே சான்றும் அதுவாகவே இருக்கலாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு சட்டத்தரணி