அம்மம்மாவின் நீலக்கரை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. பின்னேரங்களில் மரைன் டிரைவில் நடந்துவிட்டு வருகிறார்.

நீ அனுப்பிய றூம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலப் பூப்போட்ட விரிப்பு, வெள்ளைத் திரை, மேசையில் நான் தந்துவிட்ட பனையோலைப் பெட்டி, எல்லாம் நல்ல வடிவு. நடுவில் மட்டும் மொட்டை பல்ப் ஒன்று வயரில் தொங்குகிறது. லண்டனில் நல்ல லைற் வாங்கக் காசு காணாது, வீட்டுக்காரரும் ஒன்றையும் மாற்ற விடமாட்டார் என்று கோலில் சொன்னாய். வேலை முடிந்து களைத்து வந்து அந்த வெளிச்சத்தின் கீழ் நீ தனியே இருக்கிறாய் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அதுதான், மொட்டை பல்ப்பை மலிவாக மூடி அழகாக்கும் வழி ஒன்றை முதலில் இங்கே உன் அறையில் செய்து பார்த்தேன். 100ஆம் நம்பர் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் கண்ணாடித் தொங்கல் வைத்த லைற்றுகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு மூலையில் உருளை வடிவில் பல்ப்பைச் சுற்றி மூடும் வெறும் வெள்ளைத் துணி ஷேட், 1,500 ரூபா. ஒரு வேலைப்பாடும் இல்லை. அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஆசையில் அதை முழுவதும் அரக்குச் சிவப்புச் சேலைத் துணியால் சுற்றினேன். பகலில் பார்க்க அவ்வளவு அழகு. இரவு சுவிற்ச்சைப் போட்டால் அறை இருண்டுபோய்க் கிடந்தது. கடும் நிறத் துணி வெளிச்சத்தைக் குடித்துவிடும் மகள். மேலும் கீழும் மட்டும் வட்டமாக வெளிச்சம், கட்டிலில் இருந்தால் புத்தகம் வாசிக்க முடியாது. அடுத்த நாளே உரித்துவிட்டேன். இப்போது ஷேட் வெள்ளையாகவே இருக்கிறது, கீழ் விளிம்பில் மட்டும் இரண்டு அங்குலக் கரை. டே லைற் பல்ப்பைக் கழற்றி மஞ்சள் வெளிச்சம் தரும் 9 வாற் வோம் வைற் எல்.ஈ.டி. போட்டேன். பெட்டியில் 2700 கே என்று இருக்கும், அதைப் பார்த்து வாங்கு. "ஆஸ்பத்திரி வெளிச்சம்" என்று நீ சொல்லும் வெள்ளைக்கு 6500 கே என்று போட்டிருக்கும். பழைய குண்டு பல்ப் மட்டும் வேண்டாம். குசினியில் நான் தொங்கவிட்ட கடதாசிக் கூடு 60 வாற் சூட்டில் பழுப்பேறிக் கருகியது உனக்கு நினைவிருக்கும்.

உன் விரிப்புக்கு அம்மம்மாவின் நீலக்கரைக் கைத்தறிச் சேலைதான் பொருந்தும். உடல் நைந்துவிட்டது, கரை இன்னும் உறுதி. மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் கருக்கும். அதனால் அகலமாக வைக்காதே.

ஒட்டும்போது அவசரப்படாதே. பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையைத் துணியில் தடவினால் ஊறிவிடும், லைற்றைப் போட்டதும் திட்டுத்திட்டாகத் தெரியும். ஷேட்டின் விளிம்பில், பழைய பல் பிரஷால் மெல்லிசாகத் தடவு. ஒரு விரல் நீளம் ஒட்டி, நகத்தால் நீவிவிட்டு, உடுப்புக் கிளிப் போட்டுக்கொண்டு அடுத்த விரல் நீளத்துக்குப் போ. கைத்தறியை இழுத்தால் கரைக்கோடு ஏறி இறங்கும். எனக்கு ஓரிடத்தில் அப்படி ஆகிவிட்டது, பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. பொருத்து வரும் இடத்தை யன்னல் பக்கம் திருப்பிவிடு. பித்தளை மணி கோக்கவும் எனக்கு ஆசைதான். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குக் கறுத்துப்போகும் என்று விட்டுவிட்டேன். உனக்கு அந்தப் பயமில்லை.

படத்தில் பார்த்தேன், உன்னுடையதும் இங்கே போல, இரண்டு பக்கமும் சின்னப் பின் வைத்து அழுத்தித் திருப்பிப் பூட்டும் பல்ப்தான். சுவிற்ச்சை நிறுத்தி, பல்ப் ஆறியதும் கழற்று. ஹோல்டரில் திருகும் வளையம் ஒன்று இருக்கும், அதையும் கழற்றி, ஷேட்டைச் செருகி, வளையத்தைத் திரும்பப் பூட்டு. வயரில் கைவைக்கத் தேவையில்லை, வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார். வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம்.

அங்கே வெறும் வெள்ளை ஷேட் ஒன்று மலிவாகப் பார்த்து வாங்கி, அதன் குறுக்களவை எனக்கு அனுப்பு. 12 அங்குலம் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 37¾ வரும், பொருத்துக்குச் சேர்த்து 39 வெட்டவேண்டும். கீழ்வீட்டு அன்ரி அடுத்த மாதம் லண்டன் வருகிறா, அவவிடம் கொடுத்துவிடுகிறேன். நீ அளவு சொல்லும் வரைக்கும் கத்தரிக்கோல் வைக்கமாட்டேன். கரையைத் தோய்த்து, மடித்து, உன் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா