பாப்பாவைக் கூட்டிட்டு வர்றப்ப

தெங்குமரஹாடா,
ஆனி கடைசி வெள்ளிக்கெழமை.

அம்முணிக்கு அப்பா எழுதறது. நானும் உங்கம்மாளும் சௌக்கியம். மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியமான்னு எழுது. போன்ல நீ பேசுனது பாதிதான் காதுல வுழுந்துச்சு. "கையெழுத்து"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு, அப்பறம் டவர் போயிருச்சு. ஊரைக் காலி பண்ணிக் குடுக்கற கையெழுத்தைத்தான் கேட்டிருப்பே. அதான் காயிதத்துல எழுதறேன். தண்ணி வடிஞ்சு பரிசல் ஓடறன்னைக்கு கண்டக்டர்கிட்ட குடுத்து வுட்டா சத்தியில போட்டுருவாரு.

மொதல்ல ஆடிப் பதினெட்டு விசயம். பாப்பாவைத் தூக்கிட்டு அன்னைக்கு வர்றீங்களாமா, உங்கம்மா சொன்னா. வேண்டாம் கண்ணு. முந்தாநாத்து காலையில நீ துணி தொவைக்கற கல்லு முழுசாத் தெரிஞ்சுது. பத்து மணிக்குப் போய்ப் பாத்தா கல்லோட முதுகு மட்டும் வெளிய இருக்குது. சோத்து நேரத்துக்கு கல்லையே காணோம். தண்ணி செம்மண்ணு கரைச்ச மாதிரி போவுது. நம்மூர்ல ஒரு பொட்டு மழை இல்லை, வெயில் மண்டையப் பொளக்குது. மேல பைக்காராப் பக்கம் ஊத்துச்சுன்னா இங்க மாயாறு பெருகும், அங்க டேம்ல தெறந்து வுட்டா இன்னொரு பங்கு பெருகும். நம்ம பள்ளம் மலைக்கு மறைவுல கெடக்கறதால மழை மட்டும் வர்றதில்லை, மழைத் தண்ணி மட்டும் வந்துருது.

ரெண்டு நாளா பஸ் ஆத்துக்கு அக்கட்டயே நின்னு திரும்பிப் போவுது. வடக்கால தோட்டத்துக்காரரு நாப்பது வாழத்தாரு வெட்டி ஆத்தங்கரையில அடுக்கி, மேல ஓலைய மூடி, ராத்திரியெல்லாம் தீ மூட்டிக் காவல் கெடக்கறாரு. ஆனைக்கு வாசம் தட்டுச்சுன்னா ஒரே ராத்திரி கணக்குதான். ஏலக்கடைக்குப் போவுமா ஆனை வயித்துக்குப் போவுமான்னு ஊரே பந்தயம் கட்டாத கொறை.

அதனால தையில வாங்க. பட்டிப் பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்தி வந்தா நல்லது. அப்பத் தண்ணி எறங்கி, கண்ணாடியாட்டம் இருக்கும். காரைப் பவானிசாகர்லயே நிறுத்திருங்க. மாப்பிள்ளை "நம்ம வண்டி போவும் மாமா"ம்பாரு, போவும், ஆனா கல்லுல அடி வாங்கிக் காட்டு நடுவுல நின்னா யாரு போய்த் தள்ளறது? பஸ்ஸுக்கு வாங்க. காராச்சிக்கொரை செக்போஸ்ட்டுல கேப்பாங்க, ஆதாரும் நம்மூட்டு அட்ரசும் கையில வெச்சுக்க. பாப்பாவுக்குப் பாலும் சுடுதண்ணியும் அங்கயே பாத்துக்க, அதுக்கப்பறம் இருபத்தஞ்சு கிலோமீட்டரு காடுதான், டீக்கடை இல்லை.

பரிசல்ல நடுவுல சம்மணம் போட்டு உக்காரு. பாப்பாவைச் சேலையில நெஞ்சோட கட்டிக்க. ஓரத்து மூங்கிலைப் புடிச்சுக்கிட்டுத் தண்ணியில கைய வுடற பழக்கம் உனக்குச் சின்னதுலயே உண்டு, முதலை இப்பவும் இருக்குது. பரிசல் ஒரு சுத்து சுத்துனா பயந்து எந்திரிக்கப்படாது. மாப்பிள்ளையோட பெரிய மாமனை ஞாபகம் இருக்குதா? உன்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, சுத்துனதும் எந்திரிச்சு நின்னு, ஒத்தச் செருப்பை ஆத்துல வுட்டாரு. கரையேறி மூச்சு வாங்கிட்டு, "பாலமில்லாத ஊர்ல போய்ப் பொண்ணு எடுக்கோணுமா?"ன்னாரு. உங்கம்மா முகம் சுண்டிப் போச்சு. சாப்பாட்டுல ராயிக் களியும் கோழிக் கொழம்பும் போட்டப்பறம்தான் அந்த மனுசன் வாயடைச்சுது. பாலம் கேட்டு நானும் மனு எழுதிக் குடுத்தவன்தான். எத்தனைன்னு எண்ணறதை வுட்டுட்டேன்.

சரி, கையெழுத்து. நீ கேட்டது நாயந்தான். ஊரைக் காட்டுக்கு வுட்டுட்டுப் போறதுக்கு 497 குடும்பம், குடும்பத்துக்கு 15 லட்சம், கோர்ட்டு வரைக்கும் போன விசயம். "வாங்கிட்டு திருப்பூருக்கு வாங்கப்பா"ங்கற. நான் வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கலை கண்ணு. உங்கம்மாளுக்கு அந்தக் கார்த்திகையில வயித்துவலி வந்துச்சே, ராத்திரி ஒம்பது மணிக்கு, பரிசல்காரரை எழுப்பி, டார்ச்சுல அக்கட்ட போயி, ஜீப்பு கெடைக்காம விடியற வரைக்கும் மரத்தடியில உக்காந்திருந்தோம். சுத்தியும் ஆனை மரம் ஒடிக்கற சத்தம். அன்னைக்கே எனக்கு இந்த ஊரு பாதி வுட்டுப் போச்சு. தாலூக்கா ஆபீசு மேல கோத்தகிரியில இருக்குது, தலையத் தூக்குனா அந்த மலை தெரியும், ஆனா ஒரு சான்றிதழ் வாங்க பவானிசாகர், மேட்டுப்பாளையம்னு ரெண்டு ஜில்லா சுத்தித்தான் போவோணும். இந்தக் கூத்தை உம்மவளும் பட வேண்டாம்.

ஆனா கணக்கைப் பாரு. 1948-ல கூட்டுறவுப் பண்ணையம்னு சங்கம் வெச்சு, காட்டு மண்ணைக் குத்தகைக்குக் குடுத்தாங்க. பட்டா யாருக்கும் இல்லை. எங்கய்யன், உங்கப்பாரு, முள்ளு வெட்டிச் சமம் பண்ணுன வயலு, நான் மஞ்சளும் மொளகாயும் போட்டு உன்னைப் படிக்க வெச்ச வயலு, காயிதத்துல நம்முளுது கெடையாது. போன மாசம் சத்திப் பக்கம் கெணத்துத் தண்ணி இருக்கற பூமி வெசாரிச்சேன். அவுங்க சொன்ன வெலைக்கு 15 லட்சத்துல ஒரு ஏக்கரு கூட வராது. பணம் பேங்குல கெடந்தா நான் காலையில எந்திரிச்சு எங்க போறது? உங்கூட்டு மொட்டை மாடிக்கா?

உங்க அம்மிச்சி டணாய்க்கன்கோட்டைப் பக்கம் பொறந்தவங்க. பவானிசாகர் டேம் கட்டுனப்ப ஊரைக் காலி பண்ணி வந்தப்ப பத்துப் பன்னண்டு வயசு. தண்ணி வத்துற வருசத்துல கோட்டைக் கோயில் வெளிய தெரியும்னு உனக்குத் தெரியுமே. அப்பெல்லாம் பஸ்ஸுல போறவங்கள்ட்ட "கோயில் தெரியுதா?"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. ஒருக்கா நான் கூட்டிட்டுப் போனேன். சேத்துக்குள்ள எறங்கி, கோயில்ல இருந்து அடி எண்ணிக்கிட்டே நடந்தாங்க. ஒரு எடத்துல நின்னு, "இங்க ஒரல் இருந்துச்சு"ன்னாங்க. வெறும் வண்டல்தான். நான் ஒண்ணும் பேசலை.

நாம போனா இது தண்ணிக்குள்ள போவாது, காடா மூடிரும். மூடட்டும். ஆனைக்கும் பாறுக் கழுகுக்கும் எடம் வேணுமில்ல. நம்ம மாடு சீக்காக் கெடந்தப்ப, செத்த மாட்டைத் திங்கற கழுகுக்கு ஆவாத ஊசி போட வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொன்னவன் நான், அது மேல எனக்குக் கோவமில்லை. பண்ணையம் பண்ண ரெண்டு ஏக்கரு மண்ணைக் காட்டட்டும், மறுநாளே போடறேன். மாப்பிள்ளைகிட்டயும் இதையேதான் சொன்னேன்னு சொல்லு.

கையெழுத்துக்கு முந்தி பாப்பா ஒருக்கா ஆறு தாண்டி வரட்டும். பட்டி கட்டறதுக்கு உங்கம்மா இப்பவே செவப்பு கண்ணுக்குட்டியை அவளுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கறா.

வர்றப்ப டார்ச்சுக்குப் பேட்டரி செல் ஆறு, உங்கம்மா முட்டிக்குத் தைலம், பரிசல்காரருக்கு நல்ல வெத்தலையாப் பாத்து ஒரு கவுளி. வெத்தலைய மறந்தராதே, ரெண்டு தடவை கேட்டுட்டாரு.

இப்படிக்கு,
அப்பா