பேட் அவர்களுக்கு, ஒரு புள்ளித் தோல்வியைப் பற்றி

அன்புள்ள பேட் சம்மிட் அவர்களுக்கு,

உங்களிடம் கூடைப்பந்து ஆடிய பெண்கள் உங்களைப் பேட் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்தால் நாக்கு அழுகிவிடும் என்று பயமுறுத்தி வளர்க்கப்பட்டவள் நான். எவ்வளவு முயன்றும் வெறும் 'பேட்' எனக்கு வரவில்லை; 'அவர்கள்' ஒன்றை ஒட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரும் வீட்டில் வழங்கியது இல்லையாமே. வீட்டாருக்கு நீங்கள் ட்ரிஷ். கல்லூரிக்குப் போன இடத்தில் பேட் என்று அழைத்தார்கள், திருத்தக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். பின்னாளில் முறைத்த முறைப்பிலேயே ஆறடிப் பெண்களை நடுங்கவைத்தவருக்குக் கூச்சமா என்று சிரித்தேன்.

உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில், பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளராக உங்கள் ஆரம்ப ஆண்டுகளில், அணிப் பெண்கள் ஓர் இரவு கட்டுப்பாட்டை மீறிக் கூத்தடித்துவிட்டு வந்தார்களாம். செய்தி உங்கள் காதுக்கு வந்தது. அடுத்த பயிற்சியின்போது மைதானத்தின் நான்கு மூலைகளிலும் குப்பைக் கூடைகளை வைத்து ஓடச் சொன்னீர்கள். வாந்தி வந்தால் கூடையில் எடுத்துவிட்டு மறுபடியும் ஓட வேண்டும். உங்களைப் புகழ்பவர்கள் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு வேடிக்கையாக இல்லை. பிள்ளைகளைக் கசக்கினால்தான் தேறுவார்கள் என்று சொல்லும் ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பெரும்பாலோருக்குக் கசக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்த வரிசையில் உங்களையும் நிறுத்திவிடலாம் என்றுதான் உங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அதுதான் தொல்லை.

1974இல் உங்களுக்கு வயது 22. மேற்படிப்பு படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கலாம் என்று வந்தவரிடம், தலைமைப் பயிற்சியாளர் விலகிவிட்டார், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மாதம் 250 டாலர் சம்பளம். வீராங்கனைகள் சிலருக்கும் உங்களுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். வேனை ஓட்டியது நீங்கள், சீருடைகளைத் துவைத்ததும் நீங்கள். அந்தச் சீருடைகளும் முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியவை. இதற்கிடையே உங்கள் படிப்பு, உங்கள் சொந்த ஆட்டம். முழங்கால் தசைநார் கிழிந்திருந்த நிலையில் தேறி எழுந்து, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத் தலைவியாக வெள்ளி வாங்கினீர்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து நுழைந்ததே அந்த ஆண்டுதான். எட்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் பயிற்சியாளராகத் தங்கம்.

பால் பண்ணை வீட்டுப் பெண் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாடு வைத்திருப்பவர்களுக்கும் கிடையாது. புகையிலை வயலிலும் தொழுவத்திலும் வேலை முடித்துவிட்டு, இரவில் வைக்கோல் பரணில் அண்ணன்மார்களோடு பந்தாடினீர்கள். அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்பதற்காக உங்கள் அப்பா குடும்பத்தையே ஹென்ரியெட்டா என்ற ஊருக்கு மாற்றினார். அதே அப்பா உங்களைக் கட்டியணைத்தது உங்களுக்கு 43 வயதானபோதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்காக வீடு மாறத் தெரிந்த மனிதருக்கு அணைக்கத் தெரியவில்லை. இந்த வகை அப்பாக்களை எங்களுக்கும் நன்றாகவே தெரியும். உங்கள் முறைப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் கொஞ்சம் பிடிபட்டது.

டென்னசிப் பள்ளிகளில் அப்போது பெண்கள் ஆடியது வேறொரு கூடைப்பந்து. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் தாக்குவார்கள், மூன்று பேர் தடுப்பார்கள், நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. தடுப்பில் நிற்கும் பெண் கூடையில் பந்தைப் போடாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம். முழு மைதானமும் ஓடினால் பெண்ணுடம்பு தாங்காதாம். அதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர்களில் நீங்களும் ஒருவர். 1979இல்தான் அந்த விதி போனது. வைக்கோல் பரணில் அண்ணன்மார்களை இடித்துத் தள்ளி ஆடியவரிடம் 'தாங்காது' என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்! குப்பைக் கூடைச் சம்பவத்தை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது என் வழக்கு லேசாக ஆட்டம் கண்டது. ஊரே தாங்காது என்று சொன்ன உடம்புகளிடம் நீங்கள் ஒருவர் மட்டும் தாங்கும் என்று அடம்பிடித்திருக்கிறீர்கள்.

வகுப்பறை விஷயத்திலும் அதே அடம். உங்கள் பெண்கள் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும், காரணமில்லாமல் ஒரு வகுப்பும் தவறக் கூடாது. உங்களிடம் முழுக் காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள், ஒருவர்கூட விடுபடவில்லை. உங்கள் அணி வென்ற எட்டு தேசியச் சாம்பியன் பட்டங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். பெரிய கல்லூரி விளையாட்டில் இப்படி ஒரு கணக்கு எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும்.

டமிக்கா கேட்சிங்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே காது மந்தம். சிறுவயதில் சக பிள்ளைகள் கேலி செய்ததால் காதுக் கருவியை வயலில் வீசி எறிந்தவர், அதன் பிறகு ஆண்டுக்கணக்காக அதைப் போடாமலேயே சமாளித்தவர். உங்களிடம் வந்தபோது நீங்கள் கத்தவில்லை. உட்காரவைத்துப் பேசி மறுபடியும் போட வைத்தீர்கள். அவர் சேர்ந்த 1997-98 பருவத்தில்தான் உங்கள் அணி 39 ஆட்டங்களிலும் வென்று ஒன்றிலும் தோற்காமல் முடித்தது. பின்னாளில் அவர் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். எங்கே முறைக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்திருந்ததா, அல்லது அடிபட்டு அடிபட்டுக் கற்றுக்கொண்டீர்களா? ஆரம்பத்தில் அளவுக்கு மீறிக் கடுமையாக இருந்துவிட்டேன் என்று நீங்களே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டதால், இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விமானக் கதைக்கு வருகிறேன். அதை விட்டுவிட மனமில்லை. 1990 செப்டம்பர். நிறைமாதக் கர்ப்பிணி. மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அணிக்குச் சேர்க்க, உதவிப் பயிற்சியாளர் மிக்கி டிமாஸோடு பென்சில்வேனியாவுக்குப் பறக்கிறீர்கள். போன இடத்தில் பிரசவ வலி. பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் கிளம்புகிறீர்கள். திரும்பும் வழியில் நிலைமை மோசமாக, வர்ஜீனியாவில் இறக்கிவிடுகிறோம் என்கிறார்கள் விமானிகள். கூடாது என்கிறீர்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் வர்ஜீனியா அணி கூடுதல் நேரத்தில் உங்களைத் தோற்கடித்திருந்தது. உங்கள் பல்கலைக்கழகம் இருந்த ஊரான நாக்ஸ்வில்லில் நடந்த தேசிய அரையிறுதிக்கு நீங்களே போக முடியாமல் ஆனது. என் பிள்ளை அந்த மாநிலத்தில் பிறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாக்ஸ்வில் வந்து சேர்ந்தீர்கள். டைலர் டென்னசியில் பிறந்தான். இந்தக் கதையை என் அம்மாவிடம் சொன்னேன். "பைத்தியமா அவளுக்கு?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் அந்த வர்ஜீனியாவை ஜெயித்தாளா இல்லையா?" என்றார். ஜெயித்தீர்கள். அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில், அதுவும் கூடுதல் நேரத்தில், 70-67. யாருக்காகப் பறந்தீர்களோ அந்தப் பெண் முதலில் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பிறகு மனம் மாறி உங்களிடமே வந்து, 1996இல் பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார்.

ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வரச் சொல்லி டென்னசியே உங்களைக் கேட்டது, அதுவும் இரண்டு முறை. அது எப்படி ஒரு படி மேலே போவதாகும் என்று கேட்டுவிட்டு நீங்கள் நகரவில்லை. நீங்கள் நகராத அந்த இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? நீங்கள் வேலைக்கு வந்த காலத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். பெண்கள் விளையாட்டுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பணம் வந்தது, பதவிக்கு மதிப்பு வந்தது, பின்னாலேயே ஆண்களும் வந்தார்கள். இப்போது பாதிக்கும் குறைவுதான் பெண்கள். சீருடை துவைக்க வேண்டியிருந்தவரை அந்த வேலைக்குப் போட்டியே இல்லை. உங்களுக்கு இது குறித்துக் கோபம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இருக்கிறது.

2011 ஆகஸ்டில், 59 வயதில், அல்சைமர் நோயின் தொடக்கம் என்று அறிவித்தீர்கள். முந்தைய பருவத்திலேயே ஆட்டத்தின் நடுவில் உத்திகள் நினைவில் நழுவத் தொடங்கியிருந்தன. ஆனாலும் இன்னொரு பருவம் ஆடுகளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள். தோல்வியே காணாத பேலர் பல்கலைக்கழக அணியிடம் கால் இறுதியில் ஆட்டம் முடிந்தது. உங்களிடம் நான்கு ஆண்டு ஆடிய பெண்கள் ஒரு முறையாவது தேசிய அரையிறுதிக்குப் போகாமல் வெளியேறியது அதுவே முதல் முறை. அந்த ஏப்ரலில், உங்களிடம் மாணவியாக ஆடி, பிறகு 27 ஆண்டுகள் உதவியாளராக இருந்த ஹாலி வார்லிக்கிடம் விசிலைக் கொடுத்தீர்கள். அழுதது அவர்தான். 2016 ஜூனில் நீங்கள் போனபோது வயது 64.

1098 வெற்றிகள் என்ற உங்கள் கணக்கை 2020இல் ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் டாரா வாண்டர்வீர் தாண்டினார். பிறகு உங்கள் பழைய எதிரி, கனெக்டிகட் அணியின் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவும் தாண்டிவிட்டார். உங்களுக்குக் கசக்கும், தெரியும்.

என் வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. வாய்தா வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்தக் கூடைகளை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் உங்களிடம் உண்மையில் கேட்க விரும்பியது வேறு. வென்றவற்றைப் பற்றி எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நீங்கள் தோற்றவை 208. அதில் முதலாவது 1974 டிசம்பரில், உங்கள் முதல் ஆட்டத்திலேயே, மெர்சர் பல்கலைக்கழகத்திடம், 84-83. எல்லாம் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்த அந்தக் கடைசி ஆண்டுகளில், அந்த ஒரு புள்ளி போய்விட்டதா, பேட்? இல்லை, அது மட்டும் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்ததா?

அன்புடன்,
உங்களைப் பெயர் சொல்லி அழைத்துவிட்ட ஒருத்தி