கொடைக்கானல் நம்ம சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை (பொதுக்குழுவுல செயலாளர் வாசிச்சது)

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ஒரே பக்கம்தான், இந்த தடவ கடல் விஷயமும் அதுக்காக போன டூரும் இருக்கறதால கொஞ்சம் நீளும், பொறுமையா கேளுங்க.

வழக்கமானதெல்லாம் நடந்துச்சு. ரெண்டு கொடியேத்தம், பொங்கலுக்கு கோலப்போட்டி, ஒரு கண் முகாம். தெருவிளக்குக்கு நாலு மனு போட்டதுல ரெண்டு லைட் எரியுது. மே மாசம் மலைக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் வந்தப்ப பெரியவங்க தடுமாறாம இருக்க நம்ம ரீடிங் ரூம்லயே ஒரு பையன உக்கார வச்சு பாஸ் போட்டுக் குடுத்தோம்.

இனி கடல் விஷயம். கொடைக்கானல்ல உக்காந்துகிட்டு உங்க ஊர் கடல எதுக்கு இங்க இழுக்கறீங்கன்னு மூணு கமிட்டி மீட்டிங்ல கேட்டாங்க. நான் ராமேஸ்வரத்துக்கு பக்கத்துல இருக்கற மண்டபம்ங்கற கடலோர ஊர் பக்கம் பொறந்தவன், அத மறைக்கல. ஆனா நம்ம ஊர் மூஞ்சிக்கல்ல நாம வாங்கற விளமீனும் நகரை மீனும் எங்கேர்ந்து வத்தலக்குண்டு வழியா ஐஸ் பெட்டில ஏறி வருது? ஏரிக்கரை கடைல கொடைக்கானல்னு பெயிண்ட்ல எழுதி விக்கற சங்கு எந்த ஏரில கெடச்சது?

மன்னார் வளைகுடால ராமேஸ்வரத்துலேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986லயே அத தேசிய பூங்காவா அறிவிச்சாச்சு. சுத்தியும் பவளப்பாறை, எங்க ஆளுங்க பார்னு சொல்லுவாங்க. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் வருஷக்கணக்கா அந்தக் கல்ல வெட்டி எடுத்ததுல அலைய தடுக்க ஆளில்லாம ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு. கல்லு வெட்டறது நின்னாலும் தோட்டா போடறது, அதாவது வெடி போட்டு மீன் புடிக்கறது, நிக்கல. வெடிச்சா மீனோட காத்துப்பை கிழிஞ்சிரும், மேல மிதக்கறத அள்ளிட்டு போயிருவாங்க, மிச்சம் அடில போயி அழுகும், குஞ்சு முட்டை எல்லாம் அதோட சரி. பார் நொறுங்கினா திரும்ப வர்றதுக்கு நம்ம ஆயுசு பத்தாது, உருண்டையா வளர்ற பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளந்தாலே பெருசு. இதுபோக ரெட்டமடி, சுருக்குமடி, ரோலர் மடின்னு குஞ்சோட வாரற வலைங்க வேற. கரைலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, நாட்டுப்படகுக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க ராத்திரில என்ன நடக்குதுன்னு.

இத நேர்ல பாக்கணும்னுதான் மண்டபம் டூர் போட்டேன். 23 பேர் பேர் குடுத்தாங்க. கெளம்பற அன்னிக்கு விடிகாலை பஸ் ஸ்டாண்டுல நின்னது 11 பேர். மத்தவங்கள்ல ரெண்டு பேர்தான் போன் பண்ணி வரலன்னு சொன்னாங்க. வேன் வாடகை 23 பேர் கணக்குக்கு பேசினது, மிச்சத்த யார் குடுத்தாங்கன்னு பொருளாளருக்கு தெரியும், நான் சொல்ல விரும்பல.

போன 11 பேரும் சும்மா வரல. சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) மியூசியம் பாத்தோம், அதவிட முக்கியம் கரைல காயப்போட்டிருந்த சங்காயம், அதாவது வலைல வந்த கழிவு மீன். விரல் நீளத்துல மீன் குஞ்சு, நண்டு, நடுவுல கடல்குதிரை, எல்லாம் குவியலா, கோழித்தீவனத்துக்கு போகுது. நம்ம வைஸ் பிரசிடென்ட் அக்கா அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. ஒரு வருஷம் விட்டிருந்தா இதெல்லாம் ஒரு கிலோ மீனாயிருக்குமேன்னு ஒரு பெரியவர் சொன்னார், அவர் சொன்ன விதம் இன்னும் மனச விட்டு போகல.

திரும்பி வந்து ஒரு நோட்டீஸ் அடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்தோம். வெடி மீன் வெளில பாக்க நல்லாதான் இருக்கும், வயித்த கீறினா ரத்தம் கட்டி நிக்கும், நடுமுள்ளு முறிஞ்சிருக்கும், அப்டி இருந்தா அந்தக் கடைல சொல்லிட்டு மீன் வாங்காம வந்துருங்கன்னு போட்டிருந்தோம். ஒரு கடைக்காரர் கோச்சுகிட்டார். இன்னொரு அம்மா இப்ப பெட்டி எறக்கும்போதே ஒரு மீன கீறி பாத்துட்டுதான் காசு குடுக்குது. எனக்கு அது போதும்.

நம்ம ரீடிங் ரூம் ஷோகேஸ்ல இருந்த வெள்ளை பவளக்கல் விஷயத்தையும் சொல்லிடறேன். ஒரு பழைய உறுப்பினர் அன்பா குடுத்தது, வாஸ்தவம். ஆனா 2001லேர்ந்து பவளம் வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. அத வச்சுகிட்டு நான் எந்த முகத்தோட நோட்டீஸ் குடுப்பேன்? எழுதிக் குடுத்து வனத்துறைல ஒப்படைச்சேன். கேக்காம எடுத்தது தப்புன்னு நாலு பேர் லெட்டர் குடுத்திருக்காங்க. கமிட்டில ரெண்டு தடவ அஜெண்டால வச்சேன், கோரம் (மீட்டிங் நடத்த வேண்டிய அளவு ஆள்) சேரல, சேராத மீட்டிங்ல யார்கிட்ட கேக்கறது?

அப்பறம் நம்ம கீழ்ஓடைல பிளீச்சிங் பவுடர் கொட்டி மீன் புடிக்கறாங்க. தவள, நண்டு எல்லாம் சேந்து மெதந்துச்சு, அந்தத் தண்ணிதான் கீழ கேரட் தோட்டத்துக்கும் போகுது. சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு போட்டோவோட மனு குடுத்து ஏழு மாசமாச்சு, பதில் இல்ல.

கணக்கு பொருளாளர் வாசிப்பார். சுருக்கமா, வரவவிட செலவு கொஞ்சம் கூட, அதனால கையிருப்பு போன வருஷத்தவிட கொஞ்சம் கொறவு. 84 பேர்ல 37 பேர் சந்தா பாக்கி, சிலது மூணு வருஷ பாக்கி. வருஷம் 600 ரூபா, மாசம் 50, ஒரு வேளை மீன் கொழம்பு செலவுகூட இல்ல. பேர் வாசிக்கல, அவங்கவங்களுக்கு தெரியும்.

தலைவர், பொருளாளர், ஹால் குடுத்த ஸ்கூல், வேன் டிரைவர் தம்பி, எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் செயலாளரா நிக்கறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல, வீட்ல வேணாம்கறாங்க. யாராவது எடுத்து செய்றேன்னா ஃபைல், நோட்டீஸ் மிச்சம், மண்டபத்து நம்பர் எல்லாம் இன்னிக்கே குடுத்துடறேன். மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 ஆரம்பிக்குது, 61 நாள், விசைப்படகெல்லாம் கரைல நிக்கும், அப்ப போனா அந்த ஜனங்க உக்காந்து பேச நேரம் இருக்கும். ஸ்கூல் பிள்ளைங்கள கூட்டிட்டு போகணும்னு ஆச. வேன்காரர் மார்ச்சுக்குள்ள அட்வான்ஸ் கேக்கறார். இந்த தடவ பேர் குடுக்கறவங்க பணத்தோட குடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்